போட்டித் தேர்வில் ஆங்கிலம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தேர்வுக்கு உட்கார்ந்தால் ஆங்கிலம். காளஹஸ்தி, தொட்டம்பேடு, சத்தியவேடு, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பல பிள்ளைகளின் நிலைமை இதுதான். பட்டம் வாங்கிய கையோடு எஸ்.எஸ்.சி., வங்கி, ரயில்வே என்று வரிசையாக விண்ணப்பம் போடுகிறார்கள். கணக்கும் ரீசனிங்கும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடுகின்றன. பொது அறிவைப் படித்துச் சமாளிக்கிறார்கள். ஆங்கிலப் பகுதி திறந்ததும் கை தயங்குகிறது.

இந்தத் தயக்கத்துக்குப் பாதிக் காரணம், தேர்வு எதைக் கேட்கிறது, எவ்வளவு கேட்கிறது என்று தெரியாததுதான். போட்டித் தேர்வின் ஆங்கிலம் அளவானது. பத்துப் பன்னிரண்டு வகைக் கேள்விகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய வினாத்தாள்களை வைத்து, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, ஏன் தவறு என்று கேட்டுப் பழகினால் பிடிபட்டுவிடும். தேர்வர்களும் பெற்றோர்களும் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

1. எந்தத் தேர்வில் ஆங்கிலத்துக்கு எவ்வளவு மதிப்பெண்?

எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். 200க்கு 50 மதிப்பெண். ஆனால் முதல் கட்டம் வடிகட்டுவதற்கு மட்டுமே. இறுதிப் பட்டியல் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணை வைத்துத் தயாராகிறது. அங்கே கணக்கு 30, ரீசனிங் 30, ஆங்கிலம் 45, பொது அறிவு 25 என 130 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். அதாவது 390இல் 135 ஆங்கிலத்துக்கு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! கணக்கில் மட்டும் கவனம் செலுத்துகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பிளஸ் 2 தகுதிக்கான சி.எச்.எஸ்.எல். தேர்விலும் இதே போக்குதான். முதல் கட்டத்தில் 25 கேள்வி, இரண்டாம் கட்டத்தில் 40 கேள்வி. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான எம்.டி.எஸ். தேர்வில் 25 ஆங்கிலக் கேள்விகளுக்கு 75 மதிப்பெண். துணை ராணுவப் படைகளுக்கான ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வில் ஆங்கிலம், இந்தி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து 20 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்.

வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில் பி.ஓ., கிளார்க் இரண்டுக்கும் முதல்நிலையில் 30 ஆங்கிலக் கேள்விகள், 20 நிமிடம். ஆங்கிலத்தில் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் எடுத்தாக வேண்டும். கணக்கில் நிறைய வாங்கி ஆங்கிலத்தில் கோட்டைவிட்டால் அடுத்த கட்டம் கிடையாது.

ரயில்வேயின் என்.டி.பி.சி., குரூப் டி தேர்வுகளில் ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதியே இல்லை. இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரயில்வே தேர்வு வாரியமும் ஆர்.ஆர்.பி.தான், கிராம வங்கிகளுக்கான தேர்வும் ஆர்.ஆர்.பி. என்றே அழைக்கப்படுகிறது. கிராம வங்கித் தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலம் இல்லை. மெயின் தேர்வில் ஆங்கிலம் அல்லது இந்தி உண்டு. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே மாதம் ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பத்தில் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மாநிலத் தேர்வுகளில், ஏ.பி.பி.எஸ்.சி. குரூப் 1 மெயின் தேர்வில் ஆங்கிலத் தாள் தகுதித் தாளாக வருகிறது. காவலர் தேர்வின் பாடத்திட்டத்திலும் ஆங்கிலம் உண்டு. குரூப் 2இல் தனி ஆங்கிலத் தாள் இல்லை. முறைகள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் நோட்டிஃபிகேஷனைப் பார்த்த பிறகே திட்டம் போடுங்கள்.

2. இப்போது தெலுங்கிலும் தமிழிலும் தேர்வு எழுதலாம் என்கிறார்களே. பிறகு ஆங்கிலம் எதற்கு?

எம்.டி.எஸ்., சி.எச்.எஸ்.எல்., ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வுகளை ஆங்கிலம், இந்தி தவிர 13 மாநில மொழிகளிலும் எழுதலாம் என்பது உண்மை. தமிழும் தெலுங்கும் அதில் உண்டு. ரயில்வே தேர்விலும் அப்படியே. ஆனால் வினாத்தாள் எந்த மொழியில் வந்தாலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். சி.ஜி.எல். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. அங்கே கணக்குக் கேள்வியைப் புரிந்துகொள்ளவும் ஆங்கிலம் வேண்டும்.

3. தெலுங்கு மீடியத்தில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. என்னால் முடியுமா?

முடியும். இந்தத் தேர்வுகள் உங்களைப் பேசச் சொல்வதில்லை. படித்து, தரப்பட்ட விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்கின்றன. தவறைக் கண்டுபிடி, கோடிட்ட இடத்தை நிரப்பு, ஒத்த சொல், எதிர்ச்சொல், எழுத்துப் பிழை, மரபுத்தொடர், பல சொற்களுக்கு ஒரு சொல், செய்வினை–செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று–அயற்கூற்று, வாக்கியங்களை வரிசைப்படுத்து, பத்தியைப் படித்து விடையளி. எஸ்.எஸ்.சி.யின் பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான்.

சரளமாகப் பேசுகிறவர்களும் இதில் தடுமாறுவது உண்டு. பேச்சில் காதுக்குப் பழகிப்போன தவறுகள் தேர்விலும் அவர்களுக்குச் சரியாகவே படும். பேச்சுப் பயிற்சி வேலைக்குச் சேர்ந்த பிறகும், வங்கி அதிகாரி நேர்முகத் தேர்விலும் உதவும். அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர வேண்டியதில்லை.

4. இலக்கணத்தில் நம் பிள்ளைகள் எங்கே அதிகம் தவறு செய்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று இடங்களில். அந்த மூன்றும் தமிழ், தெலுங்கு வாக்கிய அமைப்பை அப்படியே ஆங்கிலத்தில் போடுவதால் வருபவை.

முதலாவது, எழுவாயும் வினையும் பொருந்துவது. காளஹஸ்திக் கோயிலில் ராகு–கேது பூஜைக்கு நிற்கிற கூட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம்: 'தி க்யூ ஆஃப் டெவோட்டீஸ் வேர் லாங்.' 'டெவோட்டீஸ்' பன்மை, அடுத்தாற்போல் 'வேர்' பன்மை, காதுக்கு இடறாது. ஆனால் நீளமாக இருந்தது வரிசை. அது ஒன்றுதான், ஆகவே 'வாஸ்' வர வேண்டும். 'பக்தர்களின் வரிசை நீளமாக இருந்தது' என்று தமிழில் எழுதும்போது வரிசை வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்பதற்குப் பின் வரும் சொல் வினைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பயிற்சி செய்யும்போது 'ஆஃப்' தொடங்கி வினைக்கு முன்பு வரை பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். நாளடைவில் பென்சில் இல்லாமலே கண் அதைத் தாண்டிப் போகும். ஒரு விதிவிலக்கு: 'எ நம்பர் ஆஃப் டெவோட்டீஸ்' என்றால் 'பல பக்தர்கள்', வினை பன்மை. 'தி நம்பர் ஆஃப் டெவோட்டீஸ்' என்றால் 'பக்தர்களின் எண்ணிக்கை', வினை ஒருமை. தேர்வுக்காரர்களுக்குப் பிடித்த கேள்வி இது. 'ஒன் ஆஃப் தி' வந்தால் அடுத்து வரும் பெயர் பன்மை, வினை ஒருமை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காலம். நம் காளஹஸ்திக் கோயில் ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 'தி டவர் ஹாஸ் கொலாப்ஸ்ட் இன் 2010' என்று எழுதினால் தவறு. ஆண்டு, நேற்று, போன வாரம் என்று கடந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹாஸ்', 'ஹாவ்' வராது. 'தி டவர் கொலாப்ஸ்ட் இன் 2010' என்பதே சரி. நேரம் சொல்லாமல் 'தி டவர் ஹாஸ் பீன் ரீபில்ட்' என்றால் அதுவும் சரி, ஏனென்றால் கட்டிய கோபுரம் இன்று கண்முன் நிற்கிறது. இதோடு சேர்ந்த இன்னொரு தவறு: 'நான் 2020இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்பதைத் தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஸின்ஸ் 2020' ஆகாது. 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்' என்றே வரும். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'ஸின்ஸ்', கால அளவைச் சொன்னால் 'ஃபார்'.

மூன்றாவது, முன்னிடைச் சொற்கள். 'திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதில் உள்ள 'கு' உருபை மனத்தில் வைத்து 'ரீச்ட் டு திருப்பதி' என்கிறோம்; 'ரீச்ட் திருப்பதி' போதும். 'கோயிலுக்குள் நுழைந்தோம்' என்பது 'என்டர்ட் இன்டு தி டெம்பிள்' ஆகிறது, 'இன்டு' வேண்டாம். 'பற்றி விவாதித்தோம்' என்பது 'டிஸ்கஸ்ட் அபௌட்' ஆகிறது, 'அபௌட்' வேண்டாம். 'என்னைவிட சீனியர்' என்பதில் 'விட' இருப்பதால் 'தேன்' போடுகிறோம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'ப்ரிஃபர்' எல்லாவற்றுக்கும் 'டு'தான். இப்படித் தாய்மொழி வழியாக வரும் பிழைகளின் பட்டியல் நீளமானதில்லை. ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி, பழைய தாள்களில் கண்ணில் பட்டவற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

5. செய்வினை–செயப்பாட்டுவினையை மாற்றும்போது குழம்புகிறது. சுலபமான வழி உண்டா?

காலத்தைத் தொடாதீர்கள், அதுதான் வழி. கலம்காரிக் கலைஞர் மூங்கில் கலத்தால் கோடு வரைவதை எடுத்துக்கொள்வோம். 'தி ஆர்ட்டிஸ்ட் ட்ராஸ் தி லைன்ஸ் வித் எ பாம்பூ பென்.' மாற்றினால் 'தி லைன்ஸ் ஆர் ட்ரான் பை தி ஆர்ட்டிஸ்ட் வித் எ பாம்பூ பென்.' வரைகிறவருக்கு 'பை', கருவிக்கு 'வித்'. 'இஸ் ட்ராயிங்' என்று இருந்தால் 'ஆர் பீயிங் ட்ரான்' ஆகும். 'ஹாஸ் ட்ரான்' இருந்தால் 'ஹாவ் பீன் ட்ரான்' ஆகும். தேர்வில் நான்கு விடைகளில் இரண்டு காலத்தை மாற்றிவிட்டிருக்கும். அவற்றை முதலிலேயே தள்ளிவிடலாம். ஒருமை–பன்மை மாறியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றாவதும் விழுந்துவிடும்.

6. 'எ', 'ஆன்', 'தி' எப்போது போடுவது? நம் மொழியில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லையே?

இல்லாததால்தான் விட்டுவிடுகிறோம். 'எ'வா 'ஆன்'ஆ என்பதற்குத் தமிழ் தெரிந்தவர்களுக்கு வசதியான சோதனை ஒன்று உண்டு. சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. மெய் சேர்ந்த எழுத்தில் தொடங்கினால் 'எ'. 'அவர்' என்று ஒலிக்கும் மணி நேரத்துக்கு 'ஆன் அவர்'. நேர்மையானவர் 'ஆன் ஆனஸ்ட் மேன்'. சட்டமன்ற உறுப்பினர் 'ஆன் எம்.எல்.ஏ.' ஆனால் 'எ யூனிவர்சிட்டி', 'எ யூரோப்பியன்', 'எ யுனிக் டெம்பிள்'. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குறிக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், விதி ஒலிக்குத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். 'ஒன்' என்று நாம் எழுதினாலும் ஆங்கிலத்தில் அது 'வன்' என்றே ஒலிக்கிறது. ஆகவே 'எ ஒன்-ருபீ காயின்'. அடுத்தது, நம் பக்கத்தில் 'யெம்மெல்லே', 'யெக்' என்று முன்னால் ஒரு 'ய' சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. சோதனை செய்யும்போது அதை விட்டுவிடுங்கள்.

'தி' என்பது இருவருக்கும் தெரிந்த, குறிப்பிட்ட ஒன்றுக்கு வரும். ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் உண்டு: 'தி ஸ்வர்ணமுகி', 'தி ஈஸ்டர்ன் காட்ஸ்'. ஊருக்கும் தனி ஏரிக்கும் கிடையாது: 'காளஹஸ்தி', 'புலிகாட் லேக்'. 'காளஹஸ்தி ஸ்டாண்ட்ஸ் ஆன் தி பேங்க் ஆஃப் தி ஸ்வர்ணமுகி' என்ற ஒரு வாக்கியம் மனத்தில் இருந்தால் பாதி விதி அதிலேயே இருக்கிறது.

7. தினம் 50 சொல் மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள், முறையை மாற்றுங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறதி மெதுவாகிறது என்பது அதன் சாரம். ஆகவே புதிய சொற்களைக் கூட்டுவதைவிட, பழைய சொற்களுக்குத் திரும்பி வருவது முக்கியம்.

செலவில்லாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பிரபலப்படுத்திய அட்டைப்பெட்டி முறை அது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை விளையாட்டுச் சீட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருளும் பழைய வினாத்தாளில் அது வந்த வாக்கியமும். மூன்று பெட்டிகள்: முதலாவதை தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறிய அட்டை எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். தினம் 15 புதிய சொல் போதும். ஆறு நாளில் 90 ஆகிறது. ஏழாம் நாள் புதிதாக எதுவும் வேண்டாம், திருப்புதல் மட்டும்.

சொற்களைக் குடும்பமாகப் படித்தால் சுமை குறையும். 'ஸைட்' என்று முடிந்தால் கொல்லுதல். வயலுக்கு அடிக்கும் 'பெஸ்டிஸைட்' பூச்சியைக் கொல்கிறது. 'ஹோமிஸைட்' மனிதனை, 'ரெஜிஸைட்' அரசனை, 'ஃப்ராட்ரிஸைட்' சகோதரனை, 'ஜெனோஸைட்' ஓர் இனத்தையே. பல சொற்களுக்கு ஒரு சொல் கேட்கும் பகுதியில் இந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப வரும்.

அட்டையில் ஆங்கிலச் சொல்லைத் தெலுங்கு எழுத்திலோ தமிழ் எழுத்திலோ எழுதாதீர்கள். எழுத்துப் பிழைக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். 'அக்காமடேட்' என்பதில் 'ஸி', 'எம்' இரண்டும் இரட்டிக்கும். 'கமிட்டீ' என்பதில் 'எம்', 'டி', 'இ' மூன்றும் இரட்டிக்கும். இதெல்லாம் ஆங்கில எழுத்தில் கைப்பட எழுதினால்தான் பதியும்.

8. எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் நம் தாத்தா காலத்திலிருந்து பள்ளிகளில் இருக்கிறது. நல்ல புத்தகம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். ஒரு கேள்வியில் தவறு செய்தபின், அந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். சொற்களுக்கு, 1949இல் வந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' வேர்ச்சொல் வழியாகச் சொல்லித்தருவதால் பயன்படும். மூன்றாவதாக, நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்று. இந்த மூன்றுக்கு மேல் வாங்க வேண்டாம். எஸ்.எஸ்.சி.யில் பழைய தாள்களில் வந்த சொற்களும் மரபுத்தொடர்களும் மறுபடி வருவது வழக்கம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வினாத்தாள் தொகுப்பையே வாங்குங்கள்.

9. யூடியூபில் நல்ல வகுப்புகள் இருக்கின்றன. கோச்சிங் அவசியமா?

வகுப்பு யூடியூபில் நடந்தாலும் திருப்பதி கோச்சிங் சென்டரில் நடந்தாலும், கேட்டுக்கொண்டே இருந்தால் தெரிந்துவிட்டது போன்ற திருப்தி வரும். அந்தத் திருப்தியை நம்ப வேண்டாம். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் அடுத்த ஒரு மணி நேரம் அதே தலைப்பில் கேள்விகள் போட்டுப் பாருங்கள். விதி புரியவில்லை, கேட்க ஆள் இல்லை என்கிறவர்களுக்கு கோச்சிங் உதவும். கட்டணம் கட்டும் முன் இரண்டு பழைய தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் வருகிறது என்றால் வீட்டிலிருந்தே தேறலாம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அரசின் பி.சி. ஸ்டடி சர்க்கிள்கள் இலவசப் பயிற்சி தருகின்றன. அறிவிப்பு வரும்போது விசாரியுங்கள். ஆங்கில நாளிதழ் வாங்க முடியாதவர்கள் ஊர்க் கிரந்தாலயத்தில் படிக்கலாம். தொடக்கத்தில் தலையங்கம் வேண்டாம். ஏற்கெனவே விஷயம் தெரிந்த உள்ளூர்ச் செய்தியை எடுத்துப் படியுங்கள்.

10. விடை தெரியாத கேள்விக்கு ஊகித்துக் குறிக்கலாமா?

தேர்வுக்குத் தேர்வு கணக்கு மாறும். சி.ஜி.எல். முதல் கட்டத்தில் சரிக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், சராசரியாகக் கேள்விக்கு 0.125 மதிப்பெண் லாபம். மிகச் சிறிய லாபம்தான். இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைக் குறித்தால் லாபம் 0.75 ஆகிவிடுகிறது. அங்கே விடாமல் குறிப்பதே நல்லது. இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு. கண்மூடிக் குறித்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது தள்ள முடிந்தால் குறியுங்கள்.

வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், தவறுக்கு கால் மதிப்பெண் கழிவு. கண்மூடிக் குறித்தால் சராசரி பூஜ்யம். இந்தக் கணக்கெல்லாம் நிறையக் கேள்விகளுக்கான சராசரி. நாலைந்து கேள்விகளில் அதிர்ஷ்டம் எந்தப் பக்கமும் சாயலாம். எதையும் தள்ள முடியாத கேள்வியில் நேரத்தைச் செலவழிக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

11. நேரம் போதவில்லை. நீண்ட பத்தியைப் படிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

வங்கித் தேர்வில் 30 கேள்விக்கு 20 நிமிடம். கேள்விக்கு 40 விநாடி. மிஞ்சிய நேரத்தை வேறு பகுதிக்குக் கொண்டுபோகவும் முடியாது. தெரியும் அல்லது தெரியாது என்று உடனே முடிவாகும் சொல் கேள்விகளை முதலில் முடித்துவிடுங்கள். அடுத்து இலக்கணம். பத்தியைக் கடைசியில் வையுங்கள். பத்திக்குள் போகும்முன் கேள்விகளை ஒருமுறை படித்துக்கொண்டால் எதைத் தேடுகிறோம் என்று தெரியும். பத்தியில் இருப்பதை மட்டும் வைத்து விடை சொல்லுங்கள். தலைப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த பொது அறிவை உள்ளே கொண்டுவந்தால் தவறான விடைக்கு இழுத்துப்போகும். தினம் ஒரு பத்தி, கடிகாரம் வைத்து. இரண்டு மாதத்தில் வேகம் தானாக வரும்.

12. கட்டுரை எழுத வேண்டிய தேர்வுகளுக்கும் இதே பயிற்சி போதுமா?

போதாது. வங்கி பி.ஓ. மெயின் தேர்வில் 25 மதிப்பெண்ணுக்கு 30 நிமிடத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அதுவும் கணினியில் தட்டச்சு செய்து. கையால் எழுதியே பழகியவர்கள் தட்டச்சில் நேரத்தை இழக்கிறார்கள். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத் தாள் இருக்கிறது. அதில் 25 சதவீதம், அதாவது 75 எடுத்தால்தான் மற்ற தாள்களைத் திருத்துவார்கள். இந்தத் தேர்வுகளை எழுதுகிறவர்கள் வாரம் இரண்டு பக்கம் சொந்தமாக எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். சிறிய வாக்கியங்களாக, தெரிந்த சொற்களாக எழுதுங்கள். அட்டையில் படித்த கடினமான சொல்லை வலிந்து நுழைத்தால் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் விழும்.

13. வீட்டில் பேசுவது தமிழ். வங்கி கிளார்க் வேலைக்குத் தமிழ்நாட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?

கிளார்க் இடங்கள் மாநிலவாரியாக நிரப்பப்படுகின்றன. அந்த மாநிலத்தின் ஆட்சிமொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். மொழிச் சோதனையும் உண்டு. தமிழ் பேச்சில் மட்டும் இருந்து எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆந்திர இடங்களுக்குத் தெலுங்கை நம்பி விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. தமிழ் எழுத்தும் தெரியும் என்கிறவர்களுக்கு இரண்டு மாநிலமும் திறந்திருக்கிறது. ஆனால் ஒரு முறைக்கு ஒரு மாநிலத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். யு.பி.எஸ்.சி.யில் இந்திய மொழித் தாளுக்கும் இதே யோசனைதான்: பேசும் மொழியைவிட, எழுதப் பழகிய மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

14. எங்கே தொடங்குவது?

எழுதப்போகும் தேர்வின் பழைய தாள் ஒன்றை எடுத்து, ஆங்கிலப் பகுதியை மட்டும் நேரம் வைத்து இன்றைக்கே எழுதுங்கள். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் கவலைப்பட வேண்டாம். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: சொல் தெரியவில்லை, விதி தெரியவில்லை, அவசரத்தில் தவறியது. இந்த மூன்றில் எது அதிகமோ அதுதான் உங்கள் முதல் மாத வேலை. விதி என்றால் நான்காவது விளக்கத்தில் சொன்ன மூன்று இடங்களில் தொடங்குங்கள். சொல் என்றால் அட்டைப்பெட்டி. அவசரம் என்றால் கடிகாரம். மாதம் முடிந்ததும் இன்னொரு தாளை எழுதி, அதே மூன்று காரணங்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். எந்த எண் குறையவில்லையோ, அடுத்த மாத நேரத்தில் பெரும்பகுதி அதற்குப் போகட்டும்.